கடல் பார்க்கக் கூட்டிப்போன அத்தை

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் திருச்சி பாலக்கரையில் லாரி உதிரிபாகக் கடை. அப்பாவின் ஒரே தங்கை எங்களோடுதான் இருந்தாள். டவுனில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அவளுக்குச் செவ்வாய் தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள், அதோடு சரி. கொஞ்ச காலத்துக்குப் பிறகு அப்பா யாரிடமும் ஜாதகம் கொடுப்பதில்லை. வீட்டில் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஸ்கூலில் போடுவதாகத்தான் இருந்தது. அத்தைதான் விடவில்லை.

"பாப்பா என்னோட டவுனுக்கு வரட்டும் அண்ணே. நான் பார்த்துக்கிறேன். எனக்கும் பஸ்ஸுல ஒரு துணை ஆச்சு" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு உண்டான பெருமை இன்றும் நினைவிருக்கிறது. துணை என்ற சொல்லை என்னைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில்லை. தினமும் காலையில் இருவரும் பஸ் ஏறிக் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவோம். ஜன்னலோர இடம் எனக்குத்தான். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் நேரே வீட்டுக்கு வரமாட்டோம். சின்னக்கடைத் தெருவில் ரிப்பன் பார்ப்போம், வாங்கமாட்டோம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைவோம். அங்கே நான் படம் போட்ட புத்தகமாகப் பார்த்து எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். அத்தை கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவாள். அந்தக் கடைக்கு அடிக்கடி வரும் ஒருவரோடு பேசுவாள். மேலப்புதூர்க்காரர், கிறிஸ்தவர், காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். எனக்கு அவர் 'சார்'. அவ்வளவுதான். ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு அவரைக் காணோம். கேட்டபோது, "வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போயிட்டாராம்" என்றாள் அத்தை.

அத்தை என்னைக் குழந்தையாக நடத்தியதில்லை. அவள் பாடம் எடுக்கும்போது செய்த தவறுகளைக்கூட என்னிடம் சொல்லுவாள். அம்மாவுக்குத் தம்பியைக் கவனிக்கவே பொழுது சரியாக இருந்தது. எனக்கு உலகம் என்றால் அத்தைதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷம், தீபாவளி கழிந்த பிறகு, அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு வியாபாரியைப் பார்க்கவேண்டிய வேலை வந்தது. பழைய டீசல் என்ஜின்கள் அவரிடம் வந்திருப்பதாகத் தகவல். அப்பா அப்போதுதான் ஒரு பழைய மாரிஸ் கார் வாங்கியிருந்தார். தனியாகப் போய்வருவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அத்தை மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பாப்பா இன்னும் கடலே பார்த்ததில்லையே அண்ணே. கார்தான் இருக்கே, எல்லாருமா போயிட்டு வரலாமே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன்.

"மழைக்காலமாச்சே" என்றாள் அம்மா.

"கடலுக்கு மழையில என்ன அண்ணி?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பயணம் முடிவாகிவிட்டது.

கொள்ளிடத்தைத் தாண்டும்போதே தூறல் ஆரம்பித்தது. பெரம்பலூருக்கு அப்பால் நல்ல மழை. காரின் வைப்பர் இரண்டு முறை ஆடும், பிறகு நின்றுவிடும். அப்பா ஒவ்வொரு தடவையும் ஓரமாக நிறுத்தி இறங்கி, கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு நனைந்துபோய் ஏறுவார். உளுந்தூர்பேட்டையில் ஒரு டீக்கடை மறைவில் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். பின்சீட்டில் நான் நடுவில், அத்தை ஒரு பக்கம், அம்மாவும் தம்பியும் மறுபக்கம். வழியெல்லாம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடல் அலை ஏன் ஓய்வதில்லை என்று கேட்டேன். நிலா, ஈர்ப்பு என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டும் நேரத்தில் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம். கடைத்தெருவை ஒட்டி ஒரு லாட்ஜில் அறை எடுத்தார் அப்பா. விடிந்தபோதும் மழை விடவில்லை. தம்பிக்கு உடம்பு கொதித்தது. அப்பா வியாபாரியைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

"நான் பாப்பாவுக்கு ஊரைக் காட்டிட்டு வரேன் அண்ணி" என்றாள் அத்தை. அதற்குள் தலைக்குக் குளித்து, மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"மழையில எதுக்குப் பட்டு?"

"மத்ததெல்லாம் ஈரம் அண்ணி. காயவே இல்லை."

அம்மா தம்பியின் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

ஒரு குடைக்குள் இருவரும் நடந்தோம். அப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்த் தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வரும். இங்கே தெருக்கள் கோடு போட்டது போல ஒரே நேராகப் போய், வெள்ளையான ஒன்றில் முடிந்தன. அதுதான் கடல் என்றாள் அத்தை. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், மழைத் தண்ணீர் கரைதொட ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் மஞ்சள் சுவர்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள், தெருமுனைகளில் நீலப் பலகையில் பிரெஞ்சுப் பெயர்கள். அத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாம படிக்கிற மாதிரி இதைப் படிக்கக்கூடாதாம், பாதி எழுத்தை முழுங்கிடணுமாம்" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் ஒரு வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பேக்கரியில் முழங்கை நீளத்துக்கு ரொட்டி வாங்கித் தந்தாள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. நடந்துகொண்டே பிய்த்துத் தின்றேன். தெருவில் நடந்துகொண்டே தின்பதற்கு வீட்டில் அனுமதி கிடையாது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மழை வலுத்தபோது ஒரு மாதா கோயிலுக்குள் ஒதுங்கினோம். மெழுகுவாசனையும் ஈரக்குடைகளின் வாசனையுமாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. அத்தை முட்டிபோட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியாக இருந்தாலும் கும்பிடுகிறவள்தான் அவள். சமயபுரம் போனாலும் நத்தர்ஷா தர்கா பக்கம் போனாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதனால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

பிறகு கடற்கரை. பூகோளப் புத்தகத்தில் கடல் நீலமாக இருக்கும். இது சாம்பல் நிறத்தில் இருந்தது. எங்கே மழை முடிந்து எங்கே கடல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. கப்பல் சாமான் இறக்கக் கடலுக்குள் கட்டியிருந்த பழைய பாலம் ஒன்று புயலில் அடித்துக்கொண்டு போனதில் மிச்சமான இரும்புக் கால்கள் தண்ணீருக்குள் நின்றன. அலை வந்து கருங்கல்லில் மோதும்போது காலுக்கடியில் தரை அதிர்ந்தது.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"பயமா இருக்கு அத்தை."

அவள் என்னைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. குளிரில் என்றுதான் நினைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலைவேளை அதுவரை இருந்ததில்லை. இதைச் சொல்வதற்கு இப்போதும் எனக்குக் கசக்கத்தான் செய்கிறது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாள். ஏதோ ஆபீஸ் மாதிரி இருந்தது. வராந்தாவில் ஒரு பெஞ்சைக் காட்டி, "இங்க ஒருத்தரைப் பார்க்கணும். நீ இப்படி உட்காரு, வந்துடறேன்" என்றாள்.

உட்கார்ந்திருந்தேன். மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தேன். ஈரச் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி வைத்துக்கொண்டேன். வராந்தா ஓட்டிலிருந்து தண்ணீர் சரம் சரமாக விழுந்துகொண்டிருந்தது. நெடுநேரம் ஆனது. பயப்படவில்லை. அத்தை வருவதாகச் சொன்னால் வருவாள்.

வந்தாள். கூடவே சாரும் வந்தார். புத்தகக் கடை சார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர். சாரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து, "நமஸ்தே சார், இந்த ஊர்லதான் இருக்கீங்களா?" என்றேன். அவர் கீழே பார்த்தார்.

அத்தை என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பட்டுப்புடவையின் தலைப்பு ஈரத் தரையில் புரண்டது.

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. எனக்கும் சாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. இப்பத்தான் கையெழுத்துப் போட்டோம்."

எனக்கு விளங்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. நீதான் சொல்லணும்."

"நீங்க வந்து சொல்லுங்க அத்தை."

"நான் வந்தா அண்ணன் என்னைத் திரும்ப விடமாட்டாரு. ரிக்‌ஷாக்காரர்கிட்ட லாட்ஜ் பேரு சொல்லியாச்சு. பத்திரமா கொண்டுபோய் விட்டுடுவார்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"நான் வரமுடியாதும்மா."

அப்போதுதான் எனக்கு விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. அழுகைக்கு முன்னால் வந்தது கோபம். "என்னைக் கடல் பார்க்கக் கூட்டிட்டு வரேன்னு சொன்னது இதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தாள். "கடலும் பார்த்தியே" என்றாள்.

சார் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். ரிக்‌ஷாவின் முன்பக்கம் மழை படாமல் ரெக்சின் துணியைக் கட்டிவிட்டார். அத்தை குடையை மடக்கி என் காலடியில் வைத்தாள். வண்டி நகர்ந்தபோது துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரைகூட அவள் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள். மிட்டாய்ப் பொட்டலத்தை வாய்க்கால் வந்தபோது தண்ணீரில் போட்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் அம்மா, "அத்தை எங்கடி?" என்றாள்.

"அத்தை வரலை. சாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாம். அப்பாகிட்ட சொல்லச் சொன்னாங்க."

அம்மா எழுந்து நின்றாள். "எந்த சாரு?"

"புத்தகக் கடையில வருவாரே, அவரு."

"உனக்கு அவனைத் தெரியுமா?"

தெரியும் என்றுதானே சொல்லமுடியும். சொன்னேன். அம்மா கன்னத்தில் அறைந்தாள். தம்பி விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்த ஒரு கேள்வியோடு, அந்த ஒரு பதிலோடு, என் அம்மாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மறைத்தாள், துணைக்குப் போனாள். அன்றைக்கு அவள் எடுத்த முடிவை நான் பிறகு எத்தனை தடவை மறுத்தும் மாற்றமுடியவில்லை.

அப்பா வந்தார். அம்மா சொன்னதை நின்றபடியே கேட்டார். என்னை அடிக்கவில்லை. "வா, எங்கெங்க போனீங்கன்னு காட்டு" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

காலையில் நடந்த வழியில் எல்லாம் மறுபடி நடந்தோம். அதே குடை. ரொட்டிக் கடையைக் காட்டினேன். அப்பா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார், அத்தை அங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதுபோல. மாதா கோயிலைக் காட்டினேன். "உள்ள போனாளா?" என்றார். முட்டிபோட்டதைச் சொன்னேன். அவர் முகம் என்னவோ போல ஆனது. அந்த மாடி ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசலில் இருந்த ஆள், எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றான். அப்பா அவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை போல.

கடைசியில் கடற்கரைக்கு வந்தோம்.

"இங்க என்ன சொன்னா?"

"பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க."

அப்பா மழையில் நனைந்த கட்டைச்சுவர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி முழுக்க ஈரம். கடலைப் பார்த்தபடியே, "நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாப்பா" என்றார்.

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

அவர் எழுந்து வேட்டியைப் பிழிந்துவிட்டு, என் கையைப் பிடிக்காமலே முன்னால் நடந்தார். அம்மா அடித்ததைவிட அது வலித்தது.

அன்றைக்கே திரும்பினோம். அத்தை தன் பையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு என்பதால் எல்லையில் போலீஸ் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திச் சாராயம் தேடுவார்கள். ஒரு போலீஸ்காரர் அத்தையின் பையைத் திறந்து, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் புடவைகளை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யாரோடது?" என்றார். "வீட்டுப் பொம்பளைங்களோடது" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்த பிறகு என்னை டவுன் ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள். உள்ளூரில் சேர்த்தார்கள். அங்கேயும் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தூது போன பெண் என்று மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லுவார்களாம். எண்ணெய் தேய்த்துவிடும்போதோ, பாய் விரிக்கும்போதோ, அம்மா திடீரென்று கேட்பாள்: "உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" நான் இல்லை என்பேன். பிறகு இல்லை என்று சொல்வதையும் விட்டுவிட்டேன்.

எனக்கு நானே கேட்டுக்கொண்டது வேறு. டவுன் ஸ்கூலில் என்னைச் சேர்க்கச் சொன்னது என் படிப்புக்கா? சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு டீச்சர் புத்தகக் கடையில் நின்று பேசினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்பதற்கா? ஜன்னலோர இடம், ரிப்பன் கடை, அவள் என்னிடம் சொன்ன பள்ளிக்கூட ரகசியங்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து இது எனக்கா, அவருக்கா என்று பிரித்துப் பார்ப்பேன். பிரிக்கமுடியவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க் வாங்கினேன். காலேஜில் சேர ஆசைப்பட்டேன். "காலேஜுன்னா டவுனுக்குத்தான் போகணும். அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள் அம்மா. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். யார் மூலமாகவோ பாண்டிச்சேரிக்குச் செய்தி போய், அத்தை வந்துவிட்டாள். சாரும் வந்தார், அவர்களுடைய சின்னப் பையனும் வந்தான். வாசலில் அத்தையைப் பார்த்ததும் அப்பா அழுதார். அம்மா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு என் அப்பாவின் காது அப்படியே வாய்த்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் சாரும் அப்பாவும் டீசல் என்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கிற சத்தம் சமையலறைவரை கேட்டது.

சாப்பிடும்போது அத்தை சொன்னாள்: "பாப்பாவுக்குக் கணக்கு அவ்வளவு நல்லா வருமே. காலேஜுல சேர்த்திருக்கலாமே அண்ணே."

அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பொண்ணுங்களை வெளிய அனுப்ப அப்போ பயமா இருந்துச்சு" என்றார். பிறகு அவரே சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அம்மா கூட. பழைய கதை ஒன்றை நினைத்துச் சிரிப்பதுபோல அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பளத் தட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அத்தை பின்னாலேயே வந்தாள். அடுப்பைப் பார்த்து நின்றிருந்த என் தோளில் கை வைத்தாள்.

"என் மேல இன்னும் கோவமா? உன்னை நம்பித்தானே அன்னிக்கு அப்படிச் செஞ்சேன்."

"நம்பியிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பீங்க அத்தை."

"சொல்லியிருந்தா நீ வந்திருக்கமாட்டே."

"வந்திருப்பேன்" என்றேன். உண்மையில் வந்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் அப்படிச் சொல்லவேண்டும் போலிருந்தது. "அம்மா இன்னிக்கு வரைக்கும் எனக்கு எல்லாம் தெரியும்னுதான் நினைக்கிறாங்க. இப்பவாவது தெரியாதுன்னு நீங்க சொல்லலாம்."

அத்தை கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே பையன் ஏதோ செய்ய, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "இப்ப எதுக்கு அதைக் கிளறணும்? இப்பத்தான் எல்லாரும் சேர்ந்திருக்கோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ எங்க வீட்டுக்கு வந்து இரு. அங்க காலேஜுல சேர்த்துவிடறேன். அவரும் சொன்னாரு. அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றாள்.

நிஜமாகத்தான் சொன்னாள். கண்ணில் தெரிந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"உங்களோட நான் எங்கயும் வரமாட்டேன் அத்தை" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கி நான் கூடத்துக்கு எடுத்துப் போனேன். முதல் டம்ளரைச் சாருக்குக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க என் கண்ணைப் பார்க்கச் சங்கடப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த ஆவணியில் எனக்குத் துறையூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல மனிதர், அரிசி மண்டி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அத்தை குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். மணமேடையிலிருந்து இறங்கியதும் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். அவள் காலிலும் விழுந்து கும்பிட்டேன், மற்றவர்களைக் கும்பிட்ட மாதிரியே.